16 ஆண்டுகள் காத்திருந்த விண்வெளி வீரர்



விண்வெளி வீரர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார்? உலகை முதன்முதலில் வலம் வந்த யூரி ககாரின் வருவார். நிலவில் முதல் அடி எடுத்து வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் வருவார். இன்று நாம் பேசப்போவது இவர்களைப் பற்றியன்று. விண்வெளிக்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சியெல்லாம் முடித்து, புறப்படுவதற்கு இரண்டே மாதங்கள் இருக்கும்போது, இதயம் சரியில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறோம். அவர் பெயர் டொனால்ட் ஸ்லேட்டன். அமெரிக்காவின் முதல் 7 விண்வெளி வீரர்களில் ஒருவர்.

இவர் கதையை நாம் ஏன் கேட்க வேண்டும்? உடல்நிலை சரியில்லை, இனி இந்த வேலைக்கு நீ ஆகமாட்டாய் என்ற சொல்லைக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. மரம் வெட்டும் கைக்கு அந்தச் சொல் வருகிறது. மருந்து தெளிப்பவரின் நெஞ்சுக்கு வருகிறது. விண்வெளி வீரருக்கும் அதே சொல் வந்தது. அதைக் கேட்ட பிறகு அவர் என்ன செய்தார், அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது.

பண்ணையில் பிறந்த பிள்ளை

ஸ்லேட்டன் 1924-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஸ்பார்ட்டா என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். பண்ணைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் வேலைக்குள் வந்துவிடுவார்கள். அவருக்கு 5 வயது இருக்கும்போது, குதிரை இழுக்கும் புல் வெட்டும் எந்திரத்தில் கை அகப்பட்டு, இடக்கையின் மோதிர விரலை இழந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்த 1942-இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர் ஸ்லேட்டன் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். விரல் இல்லாதது அவருக்குத் தடையாகவில்லை. 1943-இல் விமானியாகத் தேறினார். ஐரோப்பாவில் பி-25 குண்டுவீச்சு விமானத்தில் 56 முறை போருக்குப் பறந்தார். பின்னர் ஜப்பானை எதிர்த்து ஒக்கினாவாத் தீவிலிருந்து 7 முறை பறந்தார்.

போர் முடிந்ததும் சும்மா இருக்கவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து 1949-இல் பட்டம் பெற்றார். மீண்டும் விமானப்படைக்கு அழைக்கப்பட்டு, கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் என்னும் விமானத் தளத்தில் சோதனை விமானியானார். சோதனை விமானி என்றால், புதிதாகச் செய்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அதில் என்ன குறை என்று சொல்பவர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. அங்கே வேறொரு டொனால்டும் இருந்ததால், இவரை டி.கே. என்று கூப்பிட்டார்கள். அதுவே மருவி டீக் ஆகிவிட்டது. உலகம் முழுவதும் அவரை டீக் ஸ்லேட்டன் என்றே அறியும்.

எழுவரில் ஒருவர்

1957-இல் சோவியத் யூனியன் முதல் செயற்கைத் துணைக்கோளை வானில் விட்டது. அடுத்து மனிதனை யார் அனுப்புவது என்ற போட்டி எழுந்தது. அமெரிக்கா நாசா என்ற விண்வெளி நிறுவனத்தை அமைத்தது. சோதனை விமானிகளுள் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்களைப் பல நாட்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தி, 7 பேரை 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. ஷெப்பர்ட், கிரிஸம், கிளென், கார்ப்பென்டர், ஷிரா, கூப்பர், ஸ்லேட்டன் என்பவர்களே அந்த எழுவர்.

பயிற்சி தொடங்கியது. ராக்கெட் புறப்படும்போது வீரரின் உடல் இருக்கையோடு அழுத்தப்படும். தன் எடையைப்போல் 7, 8 மடங்கு பாரம் மேலே ஏற்றியதுபோல் இருக்கும். இதற்கு உடலைப் பழக்க ஒரு பெரிய சுழல் எந்திரம் இருந்தது. திருவிழாவில் நாம் பார்க்கும் குடைராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பல மடங்கு வேகம். நீண்ட கையின் நுனியில் உள்ள கூண்டில் வீரரை உட்கார வைத்துச் சுழற்றுவார்கள். உடம்பில் கம்பிகள் பொருத்தி, இதயம் எப்படித் துடிக்கிறது என்று தாளில் வரைந்து பார்ப்பார்கள்.

1959 ஆகஸ்டு மாதம் ஸ்லேட்டன் அந்தப் பயிற்சியில் இருந்தபோது, மருத்துவர் தாளைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லை. ஸ்லேட்டனுக்கோ வலி இல்லை; மயக்கம் இல்லை; மூச்சு வாங்கவும் இல்லை. அந்தச் சோதனை இல்லாவிட்டால் தமக்கு அப்படி ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரிந்திராது.

இதயத்துக்குள் ஒரு மணி

அந்தக் குறை என்ன என்பதைச் சற்று விளக்கிச் சொல்வோம்.

நம் இதயத்தில் 4 அறைகள் இருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் இரத்தத்தை வாங்கிக் கீழறைகளுக்குக் கொடுக்கும். கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்பு முழுவதற்கும் தள்ளும். எந்த அறை எப்போது சுருங்க வேண்டும் என்று யார் சொல்வது? வலப்பக்க மேலறையில் ஒரு சிறிய திசுப்பகுதி இருக்கிறது. அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மெல்லிய மின்துடிப்பை அனுப்புகிறது.

விடியற்காலையில் தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிக்கிறார்கள். ஒரே மணி. அதைக் கேட்டு எல்லா லயத்திலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து சேருகிறார்கள். அந்த மணியைப் போன்றதுதான் இதயத்தில் உள்ள இந்தத் திசு. இப்போது ஒவ்வொரு லயத்திலும் ஆளுக்கொரு மணியை எடுத்து நினைத்த நேரத்தில் அடித்தால் என்ன ஆகும்? சிலர் வருவார்கள், சிலர் திரும்புவார்கள், வேலை ஓடாது. இதயத்தின் மேலறைகளில் பல இடங்களிலிருந்து தாறுமாறாக மின்துடிப்பு எழும்போது, அவை சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகளும் ஒழுங்கு தவறித் துடிக்கும். இதை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். மேலறை நடுக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் களைப்பு, படபடப்பு, மூச்சுத் திணறல் வரலாம். மற்றொன்று இன்னும் பெரியது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய்க் குழாயை அடைத்தால், பக்கவாதம். இந்த நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்தில்லை. இளம் வயதில், வேறு இதய நோய் இல்லாமல், விட்டு விட்டு வருபவர்களுக்கு ஆபத்துக் குறைவு. ஸ்லேட்டனுக்கு இருந்தது அந்த வகை. காரணம் இன்னதென்று மருத்துவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தடை வந்தது

விமானப்படை மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்துப் பயிற்சியைத் தொடரலாம் என்றார்கள். அவரும் தொடர்ந்தார். 1962 பிப்ரவரி 20-ஆம் தேதி ஜான் கிளென் உலகை 3 முறை சுற்றி வந்தார். அமெரிக்கர் ஒருவர் உலகைச் சுற்றியது அதுவே முதல் முறை. அடுத்த முறை ஸ்லேட்டனுடையது. தம் கலத்துக்கு டெல்ட்டா 7 என்று பெயரும் வைத்துவிட்டார். கிரேக்க எழுத்துகளில் நான்காவது டெல்ட்டா. மனிதர் செல்லும் நான்காவது அமெரிக்கப் பயணம் என்பதால் அந்தப் பெயர்.

புறப்படும் நாள் நெருங்க நெருங்க, அந்தப் பழைய இதயக் கோளாறு மேலிடத்துக்குப் போனது. மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. விமானப்படை மருத்துவர் குழு அவர் போகலாம் என்றது. கடைசியாக 3 இதய நிபுணர்களைக் கேட்டார்கள். தீங்கு வரும் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வராது என்றும் சொல்ல முடியவில்லை. இந்தக் குறை இல்லாத வேறு வீரர் இருக்கும்போது அவரை அனுப்புவதே நல்லது என்றார்கள். 1962 மார்ச் மாத நடுவில் ஸ்லேட்டன் பயணத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய இடத்தில் ஸ்காட் கார்ப்பென்டர் மே 24-ஆம் தேதி பறந்தார்.

இந்த முடிவு அநியாயமா? இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தக் கலத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். நடுவழியில் அவர் மயங்கினால் கைகொடுக்க யாரும் இல்லை. அதுவரை விண்வெளிக்குப் போய்த் திரும்பிய மனிதர்கள் உலகம் முழுவதிலும் 5 பேரே. எடையற்ற நிலையில் இதயம் எப்படி நடந்துகொள்ளும் என்பது சரியாகத் தெரியாத காலம். அப்போது மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருந்தது குற்றமன்று. ஆனால் ஸ்லேட்டன் பக்கமும் நியாயம் உண்டு. இந்தக் குறை இருப்பது 1959-லேயே தெரியும். இரண்டரை ஆண்டு உழைக்க விட்டு, வாசலுக்கு வந்த பிறகு கதவை மூடினார்கள். அவருடைய உடம்பில் புதிதாக ஒன்றும் கெடவில்லை.

அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்க்கலாம். நீக்கப்பட்ட பிறகு பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து அவர்கள் கேள்விகளுக்கு விடை சொன்னார். அடுத்து வந்த ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், எழுவரில் மற்ற அறுவரும் பறந்து முடித்தார்கள். இவர் ஒருவர் மட்டும் தரையில் நின்றார். விமானத்தையும் தனியே ஓட்டக்கூடாது, பக்கத்தில் இன்னொரு விமானி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. போரில் 63 முறை பறந்தவருக்கு அது சிறிய அடி அன்று.

மற்றவர்களை அனுப்பும் வேலை

இங்கேதான் கதை திரும்புகிறது. நாசா அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. விண்வெளி வீரர்கள் தொகை பெருகிக்கொண்டிருந்தது. அவர்களை மேற்பார்வையிட ஒருவர் வேண்டும். வீரர்களின் வேலை தெரிந்தவராகவும், அவர்கள் மதிக்கிறவராகவும் இருக்க வேண்டும். 1962 செப்டம்பரில் அந்தப் பொறுப்பு ஸ்லேட்டனுக்கு வந்தது. 1963-இல் விமானப்படையை விட்டு விலகி, முழுநேரமும் நாசாவில் வேலை செய்தார். பின்னர் விண்வெளிக் குழுக்களுக்கான இயக்குநரானார்.

அவருடைய முக்கிய வேலை, எந்தப் பயணத்துக்கு யார் யார் போவது என்று பொறுக்குவது. பெரட்டில் நின்று ஆளுக்கு நிரை பிரித்துக் கொடுப்பதே எவ்வளவு பொல்லாத வேலை என்பது நமக்குத் தெரியும். நல்ல நிரை ஒருவருக்கு, மேட்டு நிரை ஒருவருக்கு என்றால் முணுமுணுப்பு எழும். இவரோ விண்வெளிக்குப் போகும் இடத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தாமே போக வேண்டும் என்று துடிப்பவர்கள்.

அவர் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முதன்மைக் குழு, ஒரு மாற்றுக் குழு. முதன்மைக் குழுவில் யாருக்காவது இயலாமற்போனால் மாற்றுக் குழுவினர் போவார்கள். அந்த மாற்றுக் குழு, அடுத்த இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவதற்கு முதன்மைக் குழுவாகும். அப்போலோ 8-க்கு மாற்றுக் குழுத் தலைவராக இருந்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங். முறைப்படி அவருக்கு வந்தது அப்போலோ 11. அந்தக் கலமே 1969 ஜூலையில் நிலவில் இறங்கியது. இந்த முறை எப்போதும் அச்சுப்பிசகாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. சூழ்நிலைக்கேற்ப மாற்றங்களும் இருந்தன. ஆனால் தம் முறை எப்போது வரும் என்று கணக்கிட ஒரு வழி வீரர்களுக்கு இருந்தது. 1969 முதல் 1972 வரை நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அந்த 12 பேரையும் குழுவில் அமர்த்திய கை, விண்வெளிக்குப் போகாத ஸ்லேட்டனின் கை.

துயரமும் அவர் தலையில் விழுந்தது. 1967 ஜனவரி 27-ஆம் தேதி, தரையில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, அப்போலோ கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், ஒயிட், சாஃபி என்ற மூவரும் மாண்டார்கள். கிரிஸம் முதல் எழுவரில் ஒருவர். ஸ்லேட்டனின் நெருங்கிய நண்பர். விண்வெளிக்குப் போய் வந்த வீரர்கள் தங்கத்தால் ஆன ஒரு சிறிய சின்னத்தை அணிவது வழக்கம். போகாத ஸ்லேட்டனுக்கு அது இல்லை. அவருக்காக வைரம் பதித்த ஒரு சின்னம் செய்து, தங்கள் பயணத்தில் கொண்டுபோய் வந்து கொடுக்க அந்த மூவரும் எண்ணியிருந்தார்கள். அவர்கள் இறந்த பிறகு, அவர்களுடைய மனைவியர் அந்தச் சின்னத்தை ஸ்லேட்டனிடம் கொடுத்தார்கள். 1969-இல் அது அப்போலோ 11-இல் ஏறி நிலவுவரை போய் வந்தது.

விட்டுவிடாத முயற்சி

அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோதும், தாம் ஒருநாள் பறக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. நாள்தோறும் உடற்பயிற்சி செய்தார். சிகரெட்டை விட்டார். காப்பியை விட்டார். மதுவை வெகுவாகக் குறைத்தார். வைட்டமின் மாத்திரைகளை நிறைய எடுத்தார். கொஞ்ச காலம் குவினிடின் என்னும் மருந்தையும் சாப்பிட்டார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். கொயினா எடுக்கும் அதே சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவதுதான் குவினிடின். அது இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்தும். ஆனால் அதற்குப் பக்க விளைவுகள் உண்டு. அதனால் அதை நிறுத்தினார்.

அவருக்கு நம்பிக்கை தரும் ஒன்று கண்முன்னே நடந்தது. அமெரிக்காவிலிருந்து முதன்முதலில் விண்வெளிக்குப் போன ஆலன் ஷெப்பர்டுக்கு 1963-இல் உட்காதில் நோய் கண்டது. தலைசுற்றலும் காது இரைச்சலும் வர, அவரையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். அவரும் ஸ்லேட்டனோடு சேர்ந்து வீரர்களின் அலுவலகத்தை நடத்தினார். பின்னர் காதில் அறுவை செய்துகொண்டு குணமடைந்து, 1971-இல் அப்போலோ 14-இன் தலைவராக நிலவில் நடந்தார். மருத்துவர் வைத்த தடையை மருத்துவரே நீக்க முடியும் என்பதற்கு அது சான்று.

1970-களின் தொடக்கத்தில் ஸ்லேட்டனின் இதய நடுக்கம் வருவது நின்றிருந்தது. 1971 டிசம்பரில் மினசோட்டா மாநிலத்திலுள்ள புகழ்பெற்ற மேயோ மருத்துவமனைக்குப் போய் விரிவாகப் பரிசோதித்துக்கொண்டார். 1972 மார்ச் 13-ஆம் தேதி அவர் பறக்கத் தகுதியுள்ளவர் என்று அறிவிக்கப்பட்டது. தடை வந்து சரியாகப் பத்தாண்டு. அப்போது அவருக்கு வயது 48.

எது குணப்படுத்தியது? சிகரெட்டை விட்டதா, உடற்பயிற்சியா, வைட்டமினா? இன்னதுதான் என்று அறுதியிட முடியாது. இந்த நோய் சிலருக்குத் தானே அடங்குவதும் உண்டு. ஆகவே வைட்டமின் சாப்பிட்டால் இதய நோய் போகும் என்று நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் செய்தவற்றில் எல்லா மருத்துவரும் இன்றும் ஒப்புக்கொள்பவை, புகையை விட்டதும் மதுவைக் குறைத்ததும் உடற்பயிற்சி செய்ததும்.

விண்ணில் ஒரு கைகுலுக்கல்

தகுதி வந்தது, ஆனால் பயணம் எங்கே? நிலவுக்குப் போகும் திட்டம் 1972-ஆம் ஆண்டோடு முடியவிருந்தது. நல்ல வேளையாக, அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஓர் உடன்பாடு செய்தன. இரு நாட்டுக் கலங்களும் விண்ணில் சந்தித்து இணைய வேண்டும். 1973 ஜனவரியில் அமெரிக்கக் குழு அறிவிக்கப்பட்டது. தலைவர் டாமஸ் ஸ்டாஃபோர்டு, அவரோடு வான்ஸ் பிராண்ட், டீக் ஸ்லேட்டன். மற்றவர்களுக்குத் தலைமை தாங்கிய இயக்குநர், இப்போது குழுவில் ஓர் உறுப்பினராக மாணவனைப்போல் மீண்டும் பயிற்சியில் உட்கார்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் ருஷ்ய மொழியும் படித்தார்.

இரண்டு கலங்களை இணைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்போலோவுக்குள் குறைந்த அழுத்தத்தில் தனிப் பிராணவாயு. சோயுஸுக்குள் நாம் மூச்சுவிடுவது போன்ற சாதாரணக் காற்று, கூடுதலான அழுத்தம். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒருவர் சட்டென்று போனால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழி கிளம்புவதுபோல் அவர் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றும். உயிருக்கே ஆபத்து. ஆகவே இரண்டுக்கும் நடுவில் சுமார் 3 மீட்டர் நீளமும் சுமார் 2 டன் எடையும் உள்ள ஓர் இடைக்கூடம் செய்தார்கள். அதற்குள் போய், கதவை மூடி, அழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டு, மறுபக்கக் கதவைத் திறக்க வேண்டும். அந்த இடைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் ஸ்லேட்டன்.

1975 ஜூலை 15-ஆம் தேதி, அலெக்ஸி லியோனவும் வலேரி குபாசவும் கசாக்ஸ்தானிலுள்ள பைக்கனூரிலிருந்து சோயுஸில் புறப்பட்டார்கள். ஏழரை மணி நேரம் கழித்து புளோரிடாவிலிருந்து அப்போலோ கிளம்பியது. 16 ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்லேட்டன் கடைசியில் விண்வெளிக்குப் போனார். வயது 51. அந்நாள்வரை விண்வெளிக்குச் சென்றவர்களில் அவரே மூத்தவர். ஜூலை 17-ஆம் தேதி இரு கலங்களும் இணைந்தன. அமெரிக்கர் ருஷ்ய மொழியிலும் ருஷ்யர் ஆங்கிலத்திலும் பேசிக் கைகுலுக்கினார்கள். ஒருவர்மேல் ஒருவர் ஏவுகணைகளைக் குறிபார்த்து வைத்திருந்த இரண்டு நாடுகளின் பிள்ளைகள், ஒரே மேசையில் உணவு உண்டார்கள்.

திரும்பும் வழியில் ஓர் ஆபத்து நேர்ந்தது. ஜூலை 24-ஆம் தேதி கலம் கடலை நோக்கி இறங்கும்போது, எரிபொருளிலிருந்து வந்த நச்சுவாயு உள்ளே புகுந்தது. பிராண்ட் சிறிது நேரம் நினைவிழந்தார். மூவரும் உயிர் தப்பினாலும் ஹோனலூலுவில் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. அப்போது எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஸ்லேட்டனின் இட நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சி ஆகஸ்டில் அறுவை செய்தார்கள். அது தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. இதை நினைத்துப் பாருங்கள். அந்த நிழல் பயணத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தால், மறுபடியும் அவரைத் தரையில் நிறுத்தியிருப்பார்கள். அப்போலோ கலத்தின் கடைசிப் பயணம் அதுதான். அமெரிக்கர் அடுத்து விண்வெளிக்குப் போனது 1981-இல். அந்த வாய்ப்பு தவறியிருந்தால் அவருக்கு இன்னொன்று வந்திருக்காது.

அதன்பின் விண்வெளி ஓடத்தின் தொடக்கச் சோதனைகளை மேற்பார்த்து, 1982-இல் நாசாவிலிருந்து ஓய்வு பெற்றார். 1993 ஜூன் 13-ஆம் தேதி, 69-ஆம் வயதில், மூளைக் கட்டியால் காலமானார். அவர் போய்ச் சேர்ந்த சோயுஸ் என்ற கலத்தின் வழிவந்த கலத்தில்தான், 2007 அக்டோபரில் மலேசியாவின் டாக்டர் ஷேக் முஸாபர் சுக்கோர், அதே பைக்கனூரிலிருந்து விண்வெளிக்குச் சென்றார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவை என்ன?

முதலாவது, நாடியைப் பார்க்கப் பழகுவோம். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது 60-க்கும் 100-க்கும் இடையில் இருப்பது இயல்பு. எண்ணிக்கை மட்டும் போதாது. தாளம் சீராக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் இதய வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுவயதில் மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள், மிகுதியாகக் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த நடுக்கம் வர வாய்ப்பு அதிகம். ஸ்லேட்டனுக்கு இருந்ததுபோல் வலியே இல்லாமலும் இருக்கும். இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. அவற்றை மருத்துவர் சொல்லாமல் நாமே நிறுத்தக்கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது, ஒரு வேலைக்குத் தகுதியில்லை என்றால் எந்த வேலைக்குமே தகுதியில்லை என்று பொருளில்லை. ஸ்லேட்டனுக்குத் தெரிந்த தொழில் தெரிந்ததுதான்; அது அவர் தலையில் இருந்தது. அதை நாசா பயன்படுத்திக்கொண்டது. மரம் வெட்ட முடியாத பெரியவருக்கும் எந்த மரத்தில் எப்படிப் பட்டை எடுக்க வேண்டும் என்ற அறிவு போய்விடவில்லை. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மறந்துபோவது வீட்டாருக்கும் இழப்பு, வேலை கொடுப்பவர்களுக்கும் இழப்பு.

மூன்றாவது, ஒருமுறை கேட்ட முடிவே கடைசி முடிவு என்று எண்ண வேண்டாம். ஸ்லேட்டன் மருத்துவரோடு சண்டை போடவில்லை. தம் நோயை மறைக்கவும் இல்லை. காத்திருந்து, உடம்பைப் பேணி, மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். மலேசியாவில் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971-இல் அமைந்தது. வேலையில் அடிபட்டவர்களும் நோயால் உழைக்க இயலாமற் போனவர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். மருத்துவ வாரியம் அவர்களைப் பார்த்து முடிவு சொல்லும். அந்த முடிவு சரியில்லை என்று தோன்றினால், மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு. சந்தா பிடித்த தாள்களையும் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெற்றோருக்கு அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும்.

நேயர்களே, ஸ்லேட்டன் விண்வெளியில் இருந்தது 9 நாட்கள். அதற்காக அவர் காத்திருந்தது 16 ஆண்டுகள். அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதியில் அவர் மற்றவர்களை வழியனுப்பினார். அவர்கள் பத்திரமாகத் திரும்பும்வரை கண்விழித்திருந்தார். தாம் போகாமலிருந்த காலத்திலும் அவர் தம் தொழிலை விட்டு ஒருநாளும் விலகி நிற்கவில்லை. இன்று இரவு உணவு முடிந்ததும், வீட்டிலுள்ள பெரியவர்களின் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை நாடி பாருங்கள். அவர்கள் செய்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள்.